பிரெஞ்சு ஏலத்தில் காலே, தோம் கண்ணாடி ஜாடி எடுப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

எமில் காலே, தோம் சகோதரர்கள் என்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர்களை இணையத்தில் தேடினால் வாழ்க்கை வரலாறு மூட்டை மூட்டையாக வந்து விழும். ஆனால் ஆயிரம் யூரோவுக்கு முன்பின் கையில் வைத்திருக்கும் சாதாரண ஆள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்குப் பிரான்சின் நான்சி ஊரில் தொடங்கிய அந்தக் கலைக்கண்ணாடியில் ஒன்றை பிரான்சிலேயே ஏலத்தில் எடுக்க வேண்டுமென்றால் எந்தத் தாளை எப்போது யாருக்கு அனுப்புவது, கடைசியில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. நான் பாரிஸில் அலைந்து, பிரெஞ்சு நிபந்தனைத் தாள்களை அகராதியோடு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகப் போடுகிறேன். வரலாறு வேண்டுமென்றால் வேறு எங்காவது படித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தச் சந்தையில் உங்களைக் காப்பாற்றுவது ஜாடியின் மேல் இருக்கும் கையெழுத்து அல்ல, ஏல நிறுவனம் எழுத்தில் கொடுக்கும் விவர வரிதான். அதனால் கீழே பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும். சலிப்பாக இருந்தாலும் படியுங்கள்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ஒரு காலே வேண்டும்" என்று கிளம்புவதில்தான் பணம் போகிறது. அந்தப் பெயரில் விற்பவை ஒரே பொருள் அல்ல.

1870கள், 80களில் செய்தவை பெரும்பாலும் தெளிந்த கண்ணாடியில் எனாமல் வண்ணம் தீட்டியவை. பூ, பூச்சி, சில நேரம் சின்ன மனித உருவங்கள். லேசான நீலம் ஓடிய கண்ணாடியும் உண்டு, 1878 பாரிஸ் கண்காட்சியில் காலே காட்டியது அதைத்தான். கையெழுத்து அநேகமாக அடிப்பக்கத்தில், ஊர்ப் பெயரோடு இருக்கும். உண்மையிலேயே 19ஆம் நூற்றாண்டுப் பொருள்தான் வேண்டும் என்பவர்கள் இந்த வகையைத் தேடுங்கள். எல்லோரும் அடுத்துச் சொல்லப்போகும் அடுக்குக் கண்ணாடி பின்னால் ஓடுவதால் இங்கே கூட்டம் குறைவு.

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த அந்த வகை: இரண்டு மூன்று நிறக் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி ஊதி, வேண்டிய இடத்தை நிலக்கீல் பூசி மறைத்து, மிச்சத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து எடுத்தது. ஏலத்துக்கு வரும் காலே ஜாடிகளில் பெரும்பகுதி இதுதான். காலே 1904 செப்டம்பரில் இறந்துவிட்டார், தொழிற்சாலை 1930கள் வரை ஓடியது. அதாவது சந்தையில் இருக்கும் பெரும்பாலான "காலே"க்கள் அவர் கண்ணால் பார்க்காதவை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தால் அது அவர் இறந்ததை ஒட்டிய ஒன்றிரண்டு ஆண்டுகளில் செய்தது. நட்சத்திரம் இருப்பது குறையுமல்ல, கூடுதல் பெருமையுமல்ல. அதைக் காட்டி விலை ஏற்றுகிறவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

தோம் ஜாடிகளில் 'தோம் நான்சி' என்ற பெயரோடு இரட்டைக் குறுக்குக் கட்டை உள்ள லொரேன் சிலுவை இருக்கும். கண்ணாடித் தூளைச் சூட்டில் ஒட்டவைத்து நிறம் ஏற்றியது, அதன்மேல் எனாமலில் மழைக் காட்சி, பனிக் காட்சி வரைந்தது எல்லாம் இவர்களுடைய கைவரிசை. மழைக் காட்சி சின்னதாக இருந்தாலும் விலை ஆயிரங்களில் நிற்கும்.

முதல் ஜாடிக்கு என் சிபாரிசு லெக்ரா. பாரிஸுக்கு வடக்கே, இன்று நம்மவர்கள் நிறைய இருக்கும் சான்-தெனியில்தான் அந்தத் தொழிற்சாலை இருந்தது. பந்தான், லூனெவில் ஊர்களில் செய்தவையும் பரவாயில்லை. எல்லாம் அதே அமில வேலைதான், ஆனால் பெயர் சின்னது என்பதால் சில நூறு யூரோவில் கிடைக்கும். சின்ன காலே ஜாடி, ஒரு சாண் உயரத்துக்குள் என்றால், சாதாரணமாக 300 முதல் 800 யூரோவுக்குள் சுத்தியல் விழும், அதாவது ஏலம் முடியும். அதே அளவில் யாராவது 120 யூரோவுக்குக் கொடுக்கிறார் என்றால் காரணம் இருக்கும்.

1898இல் காலே காப்புரிமை எடுத்த பதிப்பு வேலை, அதாவது சூடான கண்ணாடிக்குள் வேறு நிறத் துண்டுகளை அழுத்திப் பதிப்பது, அது நமக்கல்ல. அதை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2. கண்ணைப் பழக்குங்கள்

இதற்குக் காசு அதிகம் ஆகாது. பாரிஸில் பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும், திங்கள் விடுமுறை. காலேயின் கடைசிக் காலத்துப் படைப்பான, பாசியும் சிப்பியும் ஒட்டிய அந்தக் கண்ணாடிக் கை அங்கேதான் இருக்கிறது. நேரம் இருந்தால் நான்சிக்கே போங்கள். பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே நான்சி பள்ளி (அந்த ஊர்க் கலைஞர் இயக்கத்தின் பெயர்) அருங்காட்சியகத்தையும், தோம் ஜாடிகள் குவிந்து கிடக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். டிக்கெட் எடுக்கும் முன் இரண்டும் திறந்திருக்கும் நாளா என்று பாருங்கள், வாரத் தொடக்கத்தில் போய்க் கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

3. பட்டியலில் உள்ள பிரெஞ்சை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஏலப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நாலைந்து வரி இருக்கும். அதில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்கு அல்ல. 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை ஒன்று எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொறுப்பு என்று வரையறுத்திருக்கிறது.

கலைஞர் பெயர் எந்த அடைமொழியும் இல்லாமல் நின்றால், அல்லது "சின்யே", அதாவது கையெழுத்திட்டது, என்று மட்டும் இருந்தால், அது அவருடையது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். "அத்ரிபுவே" என்றால் அந்தக் காலத்துப் பொருள், அவர் செய்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். "தான் ல கூ", "ஸ்தீல்", "மனியேர்", "ஜான்ர்" இவற்றில் எது வந்தாலும் எந்த உத்தரவாதமும் இல்லை, நேற்று செய்த ஜாடியாகவும் இருக்கலாம், நீங்கள் வழக்கும் போட முடியாது. இன்னொரு நயமான வழி உண்டு: "காலே கையெழுத்தைத் தாங்கியுள்ளது" என்று எழுதுவார்கள். பிரெஞ்சில் "போர்த்" என்று தொடங்கும். கையெழுத்து இருக்கிறது, அது யார் போட்டது என்று நாங்கள் சொல்லவில்லை என்ற நினைப்பில் சில நிறுவனங்கள் இதை எழுதுகின்றன. ஆணைப்படி, சந்தேகத்தை வெளிப்படையாக எழுதாவிட்டால் இதுவும் உத்தரவாதம்தான். ஆனாலும் எழுதியவர் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை படிக்கிறவருக்கு அது நல்ல செய்தி போலத் தெரியும்.

பெயருக்கு முன் "எத்தாபிலிஸ்மான்" என்று இருந்தால் காலே நிறுவனத்தின் பொருள், பெரும்பாலும் 1904க்குப் பிற்பட்டது. நேர்மையான பட்டியல் இப்படித்தான் பிரித்து எழுதும். "ஏறக்குறைய 1900" என்று எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தைப் போடும் பட்டியலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்து சேதம் சொல்லும் சொற்கள். இவற்றைத் தனியாக எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "எக்ரெனூர்" என்றால் விளிம்பில் பொடிப் பொடியாகப் பெயர்ந்தது, விலையைப் பொறுத்து விட்டுக்கொடுக்கலாம். "எக்லா" என்றால் சில்லு உடைந்திருக்கிறது. "ஃபேல்" என்றால் விரிசல், மயிரிழை என்றாலும் தொடாதீர்கள், திரும்ப விற்கும்போது விலை பாதிக்கும் கீழே. "ரொதே" என்றால் தேய்த்தது. கழுத்து "ரொதே" என்றால் வாய் விளிம்பு உடைந்து, அதை அரைத்து மட்டமாக்கி, ஜாடியைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். "பெர்சே" என்றால் துளையிட்டது, அநேகமாக யாரோ மின்விளக்காக மாற்ற அடியில் ஓட்டை போட்டிருப்பார்கள். "பியூல்" என்பது கண்ணாடிக்குள் குமிழி, அது உற்பத்தியின்போதே வந்தது, பயப்பட வேண்டியதில்லை.

பட்டியலில் சேதம் எதுவும் எழுதவில்லை என்றால் சேதம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நிறுவனங்களின் நிபந்தனையிலேயே "குறிப்பிடாததால் குறை இல்லை என்று பொருளாகாது" என்று ஒரு வரி இருக்கும்.

4. நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்

நிலை அறிக்கை என்பது பொருளின் சேதம், பழுது பற்றி ஏல நிறுவனம் தரும் குறிப்பு. அதைக் கேட்டு ஏலத்துக்கு நான்கைந்து நாள் முன்பாவது நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முந்தின நாள் மாலை கேட்டால் பதில் வராது. எனக்கு ஒரு நிறுவனத்திலிருந்து ஏலம் முடிந்து ஜாடி வேறொருவர் வீட்டுக்குப் போன பிறகு அறிக்கை வந்தது, "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்ற வரியோடு.

பொதுவாக "நிலை எப்படி" என்று கேட்காதீர்கள், "நல்ல நிலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: வாய் விளிம்பு தேய்க்கப்பட்டதா? அடியில் துளை உண்டா? உள்பக்கம் நீர்க்கறை உண்டா, கழுவினால் போகுமா? ஒட்டுவேலை, பிசின் நிரப்பல் உண்டா? கையெழுத்து புடைப்பா, குழிவா, எனாமலா? அதன் நெருக்கப் படம், அடிப்பக்கப் படம், பின்னாலிருந்து விளக்கு வைத்து எடுத்த படம், மூன்றும் வேண்டும். இந்த மூன்றையும் அனுப்ப மறுக்கும் இடத்தில் நேரில் போகாமல் வாங்காதீர்கள். பதில் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள், பின்னால் தகராறு என்றால் அதுவும் ஆதாரம்.

5. கையில் எடுத்துப் பாருங்கள்

பாரிஸில் துருவோ ஏல மாளிகைக்கு யாரும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை, உடை பார்த்து யாரும் நிறுத்துவதில்லை. வழக்கமாக ஏலத்துக்கு முந்தின நாள் காலை 11 முதல் மாலை 6 வரையும், ஏல நாள் காலையில் கொஞ்ச நேரமும் பொருள்களைப் பார்க்கலாம். கோடையில், குறிப்பாக ஆகஸ்டில், அங்கே ஒன்றும் நடக்காது. கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கூச்சப்படாதீர்கள், கேட்பதுதான் அங்கே வழக்கம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும், உடம்பைப் பிடித்து வாங்குங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்தால் உதவியாளர் முகம் மாறும். பையில் ஒரு லென்ஸ், ஒரு சின்ன டார்ச், முடிந்தால் புறஊதா விளக்கு.

முதலில் டார்ச்சை ஜாடிக்குள் இறக்குங்கள். மேலே வெறும் பழுப்பாகத் தெரிந்த இலை உள்ளொளியில் ஓரத்தில் பச்சையாகவும் நடுவில் கறுத்தும் பிரியும். அதுதான் அடுக்கு. இப்போது லென்ஸில் ஒரே ஓர் இலையை எடுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து நரம்பு வரை மெதுவாகப் போங்கள். நல்ல வேலையில் ஒரே இலைக்குள் இரண்டு மூன்று ஆழம் இருக்கும், ஏனென்றால் அமிலத்தில் ஒருமுறை அல்ல, பலமுறை முக்கியிருப்பார்கள், ஒவ்வொரு முறையும் மறைப்புப் பூச்சை மாற்றி வரைந்து. நகத்தால் வருடினால் படி படியாக இறங்குவது தெரியும். இலையின் ஓரக் கோடு கத்தியால் வெட்டியது போல் இராது, அமிலம் பூச்சுக்கு அடியில் கொஞ்சம் நுழைந்து லேசாக அலைந்திருக்கும். சக்கரத்தால் செதுக்கிய இடம் இருந்தால் அங்கே நுண்ணிய இணைகோடுகள் தெரியும், அது கூடுதல் கைவேலை, விலையும் அதற்கேற்ப.

போலிகளில் பெரும்பாலும் ஒரே ஆழம்தான். பூ ஒரு தட்டு, பின்னணி ஒரு தட்டு. இலைக்கு நரம்பு இருக்காது, அல்லது எல்லா நரம்பும் ஒரே தடிமன். பிடித்தால் கனம் அதிகம், தோல் மெழுகு தடவியது போல் வழுக்கும்.

இங்கே ரொமானியா கதையைச் சொல்லியாக வேண்டும். அங்கே இப்போதும் காலே பாணி ஜாடிகளைச் செய்கிறார்கள், ஒளித்து அல்ல, கையெழுத்துக்குப் பக்கத்தில் "டிப்" என்று மூன்று லத்தீன் எழுத்தைச் சேர்த்து, மாதிரி என்று அறிவித்தே விற்கிறார்கள். இடையில் யாரோ அந்த மூன்று எழுத்தையும் அரைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது காலே. ஆகவே பெயருக்கு முன்னும் பின்னும் லென்ஸை ஓட்டுங்கள். பின்னணியின் சொரசொரப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் மழமழவென்று மாறியிருந்தாலோ, சின்னப் பள்ளம் தெரிந்தாலோ ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புடைப்புக் கையெழுத்து என்றால் அது பூவின் அதே அடுக்கில், அதே நிறத்தில், அதே அமிலத்தில் உருவாகியிருக்க வேண்டும். பூ ஊதாவும் பெயர் பழுப்பும் என்றால் இடையில் அந்த அடுக்கு எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிப்பக்கம் அடுத்தது. நூறு வருடம் மேசையிலும் அலமாரியிலும் நகர்ந்த ஜாடிக்கு அடியில் தரை தொடும் வளையத்தில் மட்டும், பல திசையில், ஆழம் மாறி மாறிக் கீறல்கள் இருக்கும். ஒரே திசையில் வரிசையாக இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். புறஊதா விளக்கு பசையையும் பிசினையும் காட்டிக் கொடுக்கும். சில பழைய கண்ணாடி அந்த ஒளியில் பச்சையாக மின்னும், அது யுரேனியம் கலந்ததால், ஆனால் மின்னுவதை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

விளக்குகளுக்கு இரட்டைக் கவனம் வேண்டும். காளான் வடிவக் கவிகையும் அடியும் ஒரே ஜாடிக் குடும்பமா, வேறு வேறு இடத்திலிருந்து சேர்த்ததா என்று பார்க்க எனக்கே துணிச்சல் வரவில்லை. முதல் வருடம் விளக்குப் பக்கமே போகாதீர்கள்.

6. பதிவும் தாள்களும்

நேரில் கை தூக்குவதற்குப் பெரும்பாலும் முன்பதிவு தேவையில்லை, சில நிறுவனங்கள் அடையாள அட்டை கேட்கும். இணையத்திலோ தொலைபேசியிலோ ஏலம் கேட்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டையின் நகல், வங்கிக் கணக்கு விவரத் தாளான ரிப், சில இடத்தில் கடன் அட்டை விவரம், இவை வேண்டும். 48 மணி நேரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஏல நாள் காலையில் பதிவு செய்தால் "பரிசீலனையில்" என்று காட்டிக்கொண்டே உங்கள் பொருள் போய்விடும்.

எழுத்தில் உச்ச விலை கொடுத்துவிட்டு வருவது இன்னொரு வழி. பிரெஞ்சில் "ஓர்த்ர் தஷா". முதல்முறைக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஏல அறையில் ரத்தம் சூடாகும்போது கை தானாகத் தூக்கும்.

7. கணக்குப் போடுங்கள், கை தூக்கும் முன்

சுத்தியல் விழும் விலை உங்கள் விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம், வரி உட்பட வழக்கமாக 25 முதல் 30 சதவீதம். நீதிமன்ற உத்தரவில் நடக்கும் விற்பனையில் மட்டும் ஏறக்குறைய 14 சதவீதம், அது பட்டியலில் தனியாகக் குறித்திருக்கும். இணையத் தளம் வழியாகக் கேட்டால் தளத்துக்கு இன்னொரு 1.5 முதல் 3 சதவீதம், அதன்மேல் வரி. 2025 ஜனவரியிலிருந்து பிரான்சில் கலைப்பொருள், பழம்பொருளுக்கு முழு விலைமேல் 5.5 சதவீத வரி என்ற முறை வந்திருக்கிறது. அதனால் சுத்தியல் விலைக்குள் வரி அடக்கமா, தனியா என்று விற்பனை நிபந்தனையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓர் உதாரணம். சுத்தியல் 800 யூரோ. கட்டணம் 28 சதவீதம் என்றால் 224. தளக் கட்டணம் வரியோடு 1.8 சதவீதம் என்றால் 14.40. மொத்தம் 1,038.40. கட்டி அனுப்ப ஓர் 60, 70 போட்டால் 1,100ஐத் தொடும். ஆகவே உங்களிடம் 1,000தான் இருக்கிறது என்றால் 720ஐத் தாண்டிக் கேட்காதீர்கள். இதைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

மதிப்பீடு 400–600 என்று போட்டிருந்தால் ஒதுக்கு விலை, அதாவது அதற்குக் கீழே விற்பதில்லை என்று வைக்கும் தொகை, 400ஐத் தாண்டியிருக்க முடியாது, அது சட்டம். மதிப்பீட்டை வேண்டுமென்றே குறைத்துப் போட்டுக் கூட்டம் சேர்ப்பதும் உண்டு, அதனால் மதிப்பீட்டைப் பார்த்து சந்தோஷப்படாமல் இதற்கு முன் அதே வகை எவ்வளவுக்குப் போனது என்று பழைய ஏல முடிவுகளைத் தேடுங்கள்.

8. ஏல நாள்

துருவோவில் பெரும்பாலும் மதியம் தொடங்கும். நீங்கள் விரும்பும் பொருளின் பட்டியல் எண் எப்போது வரும் என்று முன்வரிசைக் கணக்கர்களிடம் கேட்டால் சொல்வார்கள். "அதுஜே" என்று சொல்லிச் சுத்தியல் விழுந்தால் முடிந்தது. இணையத்தில் வாங்கினால் 14 நாளில் திருப்பலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நேரில் வந்தும் கலந்துகொள்ளக் கூடிய பொது ஏலத்துக்கு அது செல்லாது. சில நேரம் சுத்தியல் விழுந்த கையோடு அறையில் ஒருவர் எழுந்து "ப்ரேயாம்ப்ஸியோன்" என்பார். அருங்காட்சியகத்துக்காக அரசு அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறது, 15 நாளுக்குள் உறுதி செய்யும். நம் விலை ஜாடிக்கு அது நடக்காது, நடந்தால் உங்கள் கண்ணுக்கு ஒரு சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டாமல் இழுத்தால் மறு ஏலம் விட்டு, அதில் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தை உங்களிடம் கேட்கலாம். உங்கள் பெயர் கட்டாதவர்கள் பட்டியலிலும் ஏறும், அடுத்த ஏலத்தில் பதிவே கிடைக்காது.

9. பணம், எடுத்தல், அனுப்புதல்

பிரான்சில் குடியிருப்பவர் ரொக்கமாக 1,000 யூரோவுக்கு மேல் கட்ட முடியாது. வெளிநாட்டில் வரி கட்டுபவர், சொந்தத் தேவைக்கு என்றால், 15,000 வரை. வங்கி மாற்றல்தான் தொல்லை இல்லாதது, ஆனால் பணம் வந்து சேர்ந்த பிறகுதான் பொருளைத் தருவார்கள், இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் சேமிப்புக் கட்டணம் ஓடத் தொடங்கலாம். எத்தனை நாள் இலவசம் என்று நிபந்தனையில் பாருங்கள், சில இடத்தில் ஏல நாளோடு முடிந்துவிடும்.

பணம் கட்டியதும் தருவது "போர்தெரோ", விற்பனைச் சீட்டு. அங்கேயே நின்று படியுங்கள். பட்டியலில் இருந்த விவரம் முழுதாக, கலைஞர் பெயர், கையெழுத்து, காலம், சேதம் எல்லாம் இருக்கிறதா? "ஒரு கண்ணாடி ஜாடி" என்று மட்டும் இருந்தால் முழு விவரத்தோடு வேறு சீட்டு கேளுங்கள். நீங்கள் கேட்டால் விற்பவர் தான் சொன்ன விவரங்களை எழுதிய ரசீது தந்தாக வேண்டும் என்று அதே 1981 ஆணை சொல்கிறது. சான்-துவான் பழம்பொருள் சந்தைக் கடைகளுக்கும் இது பொருந்தும். வாயால் "காலே, காலே" என்று சொல்லிவிட்டு ரசீதில் அந்தப் பெயரை எழுத மறுக்கும் கடைக்காரர் உங்களுக்குப் பெரிய உதவி செய்கிறார், பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாரிஸிலேயே இருந்தால் ஜாடியை நீங்களே தூக்கிக்கொண்டு வருவதுதான் நல்லது. கூரியர் என்றால் கவனம்: பல நிறுவனங்களின் சிறு எழுத்து நிபந்தனையில் கண்ணாடிக்கும் பழம்பொருளுக்கும் இழப்பீடு இல்லை. காப்பீட்டுக்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டு, உடைந்த பின் அந்த வரியைக் காட்டுவார்கள். ஏல நிறுவனம் சிபாரிசு செய்யும் கலைப்பொருள் அனுப்புநரிடம் இரட்டைப் பெட்டி, நடுவில் நாலு விரல் மெத்தை, ஜாடிக்குள் தாள் திணிப்பு, முழு மதிப்புக்குக் காப்பீடு என்று எழுத்தில் விலை கேளுங்கள். ஜாடியைப் பெற்றதும் பெட்டியைப் பிரிப்பதைப் படம் எடுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்.

10. பிரான்சுக்கு வெளியே கொண்டுபோவதென்றால்

50,000 யூரோவுக்குக் கீழ் என்றால் ஐரோப்பிய ஏற்றுமதி உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு மேலான பொருளுக்கு அரசு அனுமதித் தாள்கள் வேண்டியிருக்கலாம், சில மாதம் ஆகலாம், அதை ஏல நிறுவனமோ அனுப்புநரோதான் பார்ப்பார்கள்.

நமக்கு முக்கியம் சுங்க எண். நூறு வயதைத் தாண்டிய பழம்பொருள் 9706 என்ற தலைப்பில் போகும். தாண்டாதது சாதாரண அலங்காரக் கண்ணாடி, 7013. வரி இரண்டுக்கும் ஒன்றல்ல. லண்டனுக்கு அனுப்பினால் நூறு வயதுப் பொருளுக்கு இறக்குமதி மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம் மட்டும், சாதாரணக் கண்ணாடி என்றால் 20 சதவீதம். இங்கேதான் அந்த "1904க்குப் பிற்பட்ட காலே" கதை திரும்பக் கடிக்கிறது: 1920களின் கடைசியில் அச்சில் ஊதிய புடைப்புப் பழ ஜாடிகள் இன்னும் நூறைத் தொடவில்லை. சீட்டில் காலம் எழுதியிருந்தால்தான் சுங்க அதிகாரி ஏற்பார், "பழையது" என்ற உங்கள் வாய்ச்சொல் எடுபடாது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ என்றால் கிளம்பும் முன் அங்குள்ள சுங்க முகவரிடம் சீட்டின் நகலைக் காட்டி எழுத்தில் தொகை வாங்கிக்கொள்ளுங்கள். பரிசு என்றோ குறைந்த மதிப்பு என்றோ எழுதச் சொல்லும் நண்பர்களின் யோசனையைக் கேட்காதீர்கள், உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போனதற்குச் சுங்க முத்திரையிட்ட சான்று காட்டினால் வரியைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. கெடு இருக்கும். வாங்கும் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

11. சந்தேகம் வந்தால், அல்லது விற்கும்போது

போலி என்று பின்னால் தெரிந்தால் ஏல நிறுவனத்தின்மேல் பொறுப்பு வழக்குப் போட சுத்தியல் விழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம் இருக்கிறது. முதலில் வேறொரு நிபுணரிடம் எழுத்தில் கருத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலும் வழக்குக்குப் போகாமல் அங்கேயே முடியும், சீட்டில் விவரம் சரியாக இருந்தால்.

பிரான்சில் குடியிருந்து பின்னாளில் 5,000 யூரோவுக்கு மேல் விற்றால் விற்ற தொகைமேல் 6.5 சதவீத ஒட்டுமொத்த வரி பிடிப்பார்கள், லாபமோ நட்டமோ பார்க்காமல். வாங்கிய நாளையும் விலையையும் நிரூபித்தால் மட்டும் லாபத்துக்கு வரி என்ற இன்னொரு முறையைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் கழியும், 22 வருடம் வைத்திருந்தால் வரியே இல்லை. நட்டத்துக்கு விற்கும்போது இந்த முறையில் ஒன்றும் கட்ட வேண்டாம். ஆனால் நிரூபிக்கப் போவது அந்தப் போர்தெரோதான். அதனால் சீட்டு, பட்டியல் பக்கம், நிலை அறிக்கை மின்னஞ்சல், வங்கி மாற்றல் தாள், ஜாடியின் அடிப்பக்கப் படம், ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். சீட்டை ஜாடிக்குள் சுருட்டிப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அடுத்த பிறந்தநாளுக்கு யாராவது அதில் ரோஜா வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள்.